கணவாய்க்குள் ஒரு சைக்கிள்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)

மலையைப் பற்றிப் பேச யாழ்ப்பாணத்தவன் ஒருவன் வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் புன்னகை செய்யக்கூடும். நியாயமான புன்னகைதான். நான் பிறந்து வளர்ந்த ஊரில் மேடு என்று சொல்லத்தக்கது குளக்கட்டு ஒன்றுதான். அதன்மேல் சைக்கிளை ஏற்றி இறக்குவதே எங்களுக்கு வீரச்செயல். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். நெல் மூட்டையும் கரியலில்தான் போகும், பிள்ளைத்தாச்சியும் கரியலில்தான் போவாள். ஆகவே சைக்கிள் ஓட்டத் தெரியும் என்ற இறுமாப்பு எனக்குள் நெடுங்காலம் இருந்தது. அந்த இறுமாப்பு பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் இடையில், முதல் மூன்று கிலோமீற்றருக்குள் கழன்று விழுந்தது.

2009ஆம் ஆண்டு ஊவாப் பகுதிக்கு ஆசிரியனாக வந்தபோது ஊரிலிருந்து என் சைக்கிளையும் கொண்டுவந்தேன். கறுப்பு நிறம், இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கம்பி பிரேக். இந்த வண்டி ஏன் மலையில் ஏறாது என்பதை அறியப் பௌதிக ஆசிரியரைத் தேடிப் போகவேண்டியதில்லை. பற்களை எண்ணினால் போதும். என் வண்டியில் முன்சக்கரத்துக்கு 44 பல், பின்சக்கரத்துக்கு 18. பெடலை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் வண்டி ஐந்து மீற்றருக்கு மேல் ஓடும். சமதரையில் இது வரம், ஏற்றத்தில் சாபம். ஒவ்வொரு மிதியிலும் உங்களையும் வண்டியையும் கரியலில் உள்ள பொதியையும் அந்த ஐந்து மீற்றருக்கு உரிய உயரம் தூக்கியாக வேண்டும். தவணை முறையில் தூக்க இந்த வண்டி இடம் தராது. பின்னாளில் நண்பர் ஒருவரிடம் கியர் உள்ள பழைய வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டேன். அதில் ஏறுவது ஓரளவு சாத்தியம். எனினும் பாதி வழி தள்ளித்தான் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இன்று நான் சொல்லவிருக்கும் பலவற்றையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோதுதான் கண்டேன்.

கணவாய் என்றால் என்ன? அகராதி மலையிடை வழி என்னும். ரயிலில் போகிறவர்களுக்கு அது சாளரத்தில் இரண்டு நிமிடம் தோன்றி மறையும் காட்சி. ஹப்புத்தளையில் ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில் மலைத்தொடரின் விளிம்பு கத்தி முனைபோல ஒடுங்கி நிற்கிறது. கடைத்தெருவில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் ஊவாவின் மேட்டுநிலம், மறு பக்கம் பார்த்தால் தெற்குச் சமவெளி கண்ணுக்கு எட்டியமட்டும் கீழே விரிந்து கிடக்கும். வானம் தெளிந்திருந்தால் சமவெளியின் கடைசியில் வெள்ளிக்கோடாகக் கடல் தெரியும். புகையிரதம் 1893இலேயே இங்கு வந்துவிட்டது. பதுளை வரை போய்ச் சேர அதற்கு 1924ஆம் ஆண்டாயிற்று. இடையிலிருந்த மலைகள் அப்படி.

சைக்கிளில் வருகிறவனுக்கோ கணவாய் முதலில் கண்ணில் படுவதில்லை. அது காற்றாக வந்து நெஞ்சில் மோதுகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, மலையின் இடைவெளிகள் வழியாக ஊவாவுக்குள் வறண்டு புகுகிறது. அந்த நாட்களில் ஹப்புத்தளை முடக்கொன்றில் திரும்பினால் காற்று வண்டியை அப்படியே நிறுத்திவிடும். வண்டிக்காரனை வதைக்கும் இந்தக் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வறண்ட காற்றில் கொழுந்தின் வளர்ச்சி மந்தமாகும், மணம் கூடும். ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை பறிக்கும் கொழுந்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. தேநீர்க் கோப்பையில் நாம் முகர்வது ஒரு கணவாயின் காற்றை என்றால் மிகையாகாது. அந்தக் காற்றில் நின்று கொழுந்து பறித்தவளின் உதடு வெடித்த கதை அந்தக் கோப்பைக்குள் வருவதில்லை.

இனி நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பேச்சே அதற்காகத்தான்.

2013ஆம் ஆண்டு, இரண்டாந் தவணைப் பரீட்சை. பத்தாம் வகுப்புக்கு நான் கொடுத்த கட்டுரைத் தலைப்பு ‘மலையகத்தின் இயற்கை அழகு’. முப்பத்தாறு விடைத்தாள்கள் வந்தன. முப்பத்தைந்தில் தேயிலை பச்சைக் கம்பளமாக விரிந்து கிடந்தது, அருவி வெள்ளியை உருக்கி வார்த்தது, மேகம் மலைமகளுக்கு முக்காடு போட்டது. அத்தனையும் நான் கரும்பலகையில் எழுதிக் கொடுத்த தொடர்கள். பிள்ளைகள் ஒரு காற்புள்ளி பிசகாமல் திருப்பித் தந்திருந்தார்கள். நானும் பதினைந்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று என்று மகிழ்ந்து இட்டேன்.

முப்பத்தாறாவது தாள் கொஸ்லாந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து, பண்டாரவளையில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்த மாணவனுடையது. அவன் அழகைப் பற்றி எழுதவில்லை. தங்கள் லயத்திலிருந்து பெரிய றோட்டுக்கு வரும் வழியை எழுதியிருந்தான். எத்தனையாவது முடக்கில் கல் உருளும், எந்த மரத்தைத் தாண்டினால் அட்டை கடிக்கும், மழை பெய்தால் எந்தப் படிக்கட்டில் கால் வைக்கக் கூடாது என்றெல்லாம் வரிசையாக இருந்தது. கடைசிப் பந்தியில் பீலியைப் பற்றி எழுதியிருந்தான். பீலியில் வரும் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானால் அன்றிரவு லயத்தில் படுக்கக் கூடாது, மேலே கோயில் மண்டபத்துக்குப் போய்விட வேண்டும் என்று அவனுடைய அப்பாயி சொல்லுவாராம். இரண்டு முறை அப்படிப் போய்ப் படுத்தார்களாம். கோயிலில் படுத்தால் குளிராம்.

நான் சிவப்பு மையால் ‘தலைப்புக்குப் புறம்பு’ என்று எழுதி ஐந்து புள்ளி இட்டேன். ‘படுத்தால் குளிராம்’ என்பது பேச்சுவழக்கு என்று அடியில் கோடும் போட்டேன். பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன் அல்லவா, கோடு நேராகத்தான் விழுந்தது.

அடுத்த ஆண்டு, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு மேலேயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. நேயர்களுக்கு அது நினைவிருக்கும். என் மாணவனின் தோட்டம் அதுவன்று. அவன் குடும்பத்துக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட நேரத்தில் என் கண்முன் வந்து நின்றது அந்தப் பீலிதான். ஊற்றுநீர் திடீரெனக் கலங்குவது, புதிய ஊற்றுக் கிளம்புவது, நிலம் வெடிப்பது, மரமும் கம்பமும் சாய்வது ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று துறைசார்ந்தோர் மக்களுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். அதைத்தான் ஒரு கிழவியின் வாக்காக அந்தப் பிள்ளை எழுதியிருந்தான்.

2015 ஆகஸ்ட் விடுமுறையில் அவன் எழுதிய வழியை நேரில் பார்த்துவிடுவது என்று புறப்பட்டேன். பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளை ஏறி, பெரகலைக்கு இறங்கி, கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயா போய், அங்கிருந்து எல்லக் கணவாய் வழியாக மீண்டும் மேலே வருவது திட்டம். வட்டம் ஏறக்குறைய 90 கிலோமீற்றர் வரும். இளைஞர்கள் ஒரே நாளில் முடிப்பார்கள். எனக்கு இரண்டு நாள் வேண்டியிருந்தது.

மலையேற்றம்தான் கடினம் என்று நினைக்கிறோம். சைக்கிளுக்கு இறக்கமே ஆபத்து. ஹப்புத்தளையிலிருந்து பெரகலை வரை மலைச்சுவரை ஒட்டி வளைந்து வளைந்து கீழிறங்கும் வீதியில் பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்தால் ரப்பர்க் கட்டை தேயும், சக்கர விளிம்பு கைவைக்க முடியாதபடி சுடும். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். இடையில் நின்று ஆறவிட வேண்டும். மூடுபனி விளிம்பை நனைத்துவிட்டால் கட்டை வழுக்கும், பிடித்த பிறகும் வண்டி பத்து முழம் ஓடும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது எந்தப் புத்தகமுமன்று. பெரகலைக்கு மேலே ஒரு முடக்கில் மரக்கறி லொறியொன்றுக்கும் பாறைக்கும் இடையில் நான் கழித்த மூன்று வினாடிகள்தான்.

அப்படி நின்று நின்று இறங்கியதால் காட்டைப் பார்க்கக் கிடைத்தது. ஹப்புத்தளைக்கு மேற்கே அடிசம் துறவிமடத்துக்குப் பின்னால் தங்கமலைக் காடு தொடங்குகிறது. மலைமுதுகின் வழியே இதல்கஸ்ஹின்னப் பக்கம் போகும் ஒற்றையடிப் பாதையில் முன்னொரு நாள் நடந்திருக்கிறேன். பாசி மூடிய குட்டை மரங்கள், நண்பகலிலும் சொட்டும் இலைகள். மேகத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறக்குவது அந்தக் காட்டின் தொழில். காடு இருக்கும் இடத்தில் ஊற்றுத் தெளிவாக வருகிறது. காடு வெட்டிக் கோப்பியும், கோப்பி நோயில் மடிந்தபின் தேயிலையும் நட்ட சரிவுகளில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது தேயிலை வேரும், ஆண்டாண்டாகத் தொழிலாளர் வெட்டிய கானும் கட்டிய கல்லணையுந்தான். கானில் மண் தூர்ந்து போனால் மழைநீர் போக வழியில்லாமல் மலைக்குள் இறங்கும். மலைச்சரிவு ஏன் திடீரென்று கனக்கிறது என்பது காரில் போகும்போது தெரிவதில்லை. தூர்ந்த கான் ஒன்றின் ஓரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு மூச்சு வாங்கும்போது தெரிகிறது.

கொஸ்லாந்தையில் இறங்கி, தோட்டப் பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே போனேன். மண் சரிந்த இடத்தில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு மரத்தடியில் சூலம் நட்டுச் சிறு விளக்கு வைத்திருந்தார்கள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை? திரும்பி இறங்கிவிட்டேன்.

அடுத்து 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. எங்கள் கட்டுரைகளில் வெள்ளியை உருக்கி வார்ப்பது பெரும்பாலும் இதுதான். ஆகஸ்ட் மாத வறட்சியில் அது ஒரு நூலாக ஒட்டிக்கொண்டிருந்தது. உருக்கி வார்க்க அன்று வெள்ளி இல்லை.

வெல்லவாயாவில் இரவு தங்கினேன். மறுநாள் விடியற்காலை எல்லக் கணவாய்க்குள் புகுந்தேன். 27 கிலோமீற்றரில் ஏறத்தாழ 800 மீற்றர் உயரம் ஏறும் வீதி அது. கிரிந்தி ஓயா மலையை அறுத்துக்கொண்டு தெற்கே இறங்கும் பிளவுதான் இந்தக் கணவாய். கீழே வறண்ட வெப்பக் காடு. ஏற ஏறக் காற்றுக் குளிர்ந்து மரங்களின் வகையே மாறுகிறது. இந்த மாற்றத்தை ஒரு முழுக் காலைப்பொழுது செலவிட்டு உடம்பில் உணர்வதற்குச் சைக்கிளைவிடச் சிறந்த வாகனம் இல்லை என்பது என் துணிபு.

கண்டி மன்னர் காலத்தில் மலைநாட்டுக்குள் நுழையும் வழிகளை அகலப்படுத்தத் தடை இருந்தது. வழி ஒடுக்கமாக இருப்பதே அரண். முட்கதவு போட்ட கடவைகளில் காவல் நின்றது. 1630இல் பதுளை வரை ஏறிச் சூறையாடித் திரும்பிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்ரைன் த சா, வெல்லவாயாவுக்கு அண்மையில் ரந்தெனிவெலவில் தன் படையோடு அழிந்தான். மலைக்குள் போவது ஒன்று, வெளியே வருவது இன்னொன்று என்பதை அவன் கணிக்கத் தவறிவிட்டான். பின்னர் வந்த ஆங்கிலேயர் காட்டுவழிகளை வீதிகளாக்கினர். மாட்டுவண்டி ஏறத்தக்க சாய்வு பார்த்து மலையை வளைத்து வளைத்து வெட்டினர். வெட்டினர் என்று எழுதிவிடுகிறோம். எழுவாய் ஆங்கிலேயர். மண்வெட்டி பிடித்த கைக்கு நம் வாக்கியத்தில் இடமில்லை. இலக்கணம் கற்பிப்பவன் என்ற வகையில் இதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இராவணன் பெயர் கொண்ட நீர்வீழ்ச்சிக்குக் கீழே என் கால்கள் ஒத்துழைக்க மறுத்தன. வீதியோரக் கல்லில் உட்கார்ந்தேன். விறகுக் கட்டோடு ஓர் அம்மா இறங்கி வந்தார். எழுபதுக்குக் குறையாது. என்னையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

“எங்க சாமி போறீங்க?”

“எல்லைக்குப் போய் அங்கேயிருந்து பண்டாரவளைக்கு, அம்மா.”

“இதுலயா? சரிதான். வெயில் ஏறிட்டா இந்தப் பாறை நெருப்பா கொதிக்கும், இங்க ஒக்காராதீங்க. ரெண்டாவது முடக்குல எடப்பக்கம் தண்ணி இருக்கு, அது குடிக்கலாம். அதுக்கு மேல வர்றது குடிக்காதீங்க, குளிக்கிற எடம். கொரங்கு பையைப் பறிச்சிரும், தின்ற சாமானை வெளிய எடுக்காதீங்க. மூணாவது கட்டைக்கிட்ட ஒரு கடை இருக்கு. பாத்திமா கடைன்னு கேளுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க. ரொட்டி குடுப்பாங்க.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். யார் சொன்னதாகச் சொல்வது என்று பெயரைக்கூடக் கேட்க மறந்துபோனேன்.

இரண்டாவது முடக்கில் தண்ணீர் இருந்தது. குடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் எனக்கு மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தேன், பரீட்சைக்கு எழுதினேன். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடி, பாட்டுடைத் தலைவன் நன்னன், கூத்தராற்றுப்படை என்ற மறுபெயர் எல்லாம் மனப்பாடம். ஆனால் அது என்ன சொல்கிறது என்பது அந்த முடக்கில்தான் புரிந்தது.

அந்தப் பாட்டு மலையை அழகு பார்க்கிறது, மெய்தான். மலையின் ஓசைகளை அப்படித் தொகுத்துச் சொன்ன பாட்டு வேறொன்று இருப்பதாக நான் அறியேன். ஆயினும் அதன் முதுகெலும்பு வழி சொல்வது. கூத்தர் கூட்டமொன்று குழந்தை குட்டிகளோடும் வாத்தியங்களோடும் மலைகடந்து போகிறது. முன்பு போய் வந்தவன் அவர்களுக்குச் சொல்கிறான்: தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பாம்பு கிடக்கும் குழி இருக்கும், காவலர் கவண்கல் பறந்து வரும், பாசியில் கால் வழுக்கும், கொடியைப் பிடித்து நடவுங்கள், இரவில் போகாதீர்கள். இன்ன குடியிருப்பில் இன்ன உணவு கிடைக்கும் என்கிறான். வழி தவறினால் வாத்தியத்தை இசையுங்கள், கானவர் கேட்டு வந்து வழிகாட்டுவர் என்கிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. வழி கிளைக்கும் இடத்தில் மண்ணைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வருகிறவர்கள் தடுமாறக் கூடாது என்று சொல்கிறான்.

பத்துப்பாட்டில் வைத்துப் போற்றப்படும் ஒரு பாட்டுச் செய்ததையே என் மாணவன் செய்திருந்தான். எங்கே கல் உருளும், எங்கே கால் வைக்கக் கூடாது, எப்போது ஓடிப்போக வேண்டும் என்று எழுதினான். அதற்கு நான் ஐந்து புள்ளி கொடுத்தேன். பெருங்கௌசிகனாருக்கும் ஐந்துதான் கொடுத்திருப்பேன் போலும்.

எல்லையை அடைந்தபோது மாலையாகிவிட்டது. கணவாயின் வாயில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் எல்லப் பாறை, மறுபக்கம் சின்னச் சிவனொளிபாதம், நடுவே நான் ஏறிவந்த பிளவு. அழகுதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. பச்சைக் கம்பளம் என்ற தொடர் மட்டும் வாயில் வரவில்லை.

அதற்குப் பிறகு கட்டுரைத் தலைப்பை மாற்றினேன். ‘உங்கள் வீட்டுக்கு வரும் வழி’ என்று கொடுத்தேன். முதலாண்டு பலர் எழுதத் தெரியாமல் விழித்தார்கள். வழியில் பச்சைக் கம்பளம் விரித்தவர்களும் உண்டு. பொதுப் பரீட்சையில் இப்படி வருமா சேர் என்று ஒரு தகப்பனார் வந்து கேட்டார். வராது என்றே பதில் சொன்னேன். கேள்வி நியாயமானது. ஆகையால் இன்றும் இரண்டு வகையையும் கற்பிக்கிறேன். பரீட்சைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இதில் எனக்கு முழு நிம்மதி இல்லை.

அந்த மாணவன் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திக் கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முதல்நாள், பண்டாரவளை பஸ் நிலையத்தில் கையில் பார்சல்களோடு நின்றவன் என்னைக் கண்டு ஓடிவந்தான். நான் நலம் விசாரித்துவிட்டு மெல்லக் கேட்டேன்.

“தம்பி, பத்தாம் வகுப்பிலே ஒரு கட்டுரை எழுதினாயே, பீலியைப் பற்றி. அந்தத் தாள் இருக்கிறதா?”

அவனுக்கு நினைவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தான்.

“இல்ல சேர். அது அப்பவே எங்கயோ போயிருச்சி. நான் நல்லா எழுதலியே.”

நான் என்ன சொல்வது? நல்லாத்தான் எழுதினாய், எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று சொன்னேன். பஸ் இரைச்சலில் அவனுக்குக் கேட்டதோ என்னவோ. சைக்கிளில் அவன் ஊர்ப்பக்கம் போய்வந்த கதையைச் சொன்னதும் அவன் முகம் மாறியது.

“தனியாவா சேர் போனீங்க? இனிமே ஐப்பசி மாசத்துல அந்தப் பக்கம் எறங்கிறாதீங்க. போறதுன்னா பெரகலையில நின்னு, மேல இருந்து வர்ற யாரையாச்சும் கேளுங்க. தண்ணி என்ன நெறத்துல ஓடுதுன்னு கேளுங்க. செவப்பா ஓடுதுன்னா அப்பிடியே திரும்பிருங்க சேர்.”

பஸ் புறப்பட்டுவிட்டது. அவன் மிதிபலகையில் தொற்றிக்கொண்டு, கேட்டதா என்பதுபோலத் தலையை ஆட்டினான். கேட்டது என்று நானும் தலையை ஆட்டினேன்.